மணியடிக்கிறவன் தொண்டை

"சாமி, நீங்க எழுதின புஸ்தகத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?"

கிசோ கேட்ட கேள்வி இது. ஒரு தோத்திரம் இல்லை, முழங்கால் போடலை, கதவைத் தட்டலை. கதவே பயந்துபோய்த் திறந்துக்கிச்சுன்னுதான் சொல்லணும்.

பேராயர் ரடோமர் தலையைத் தூக்கலை. சமையக்கட்டு மேசையில குனிஞ்சு உக்காந்து, கல்லு மாதிரி இருந்த ஒரு சீஸ் கட்டியைக் கத்தியால அறுத்துக்கிட்டு இருந்தாரு.

"எழுதினது நான்தானே. படிக்க வேற செய்யணுமா?"

இது நடந்து ஆயிரத்து நூறு வருஷம் இருக்கும். ராஜா ஒரே இடத்துல உக்காராம குதிரையிலயே நாட்டைச் சுத்தின காலம். பெரிய ஆத்தங்கரையில மதில் வெச்ச ஒரு ஊர். அந்த ஊர்க் கோயில்தான் அந்தச் சீமைக்கே தலைக்கோயில். ரடோமர் அதுக்குப் பேராயர். வேதத்துல கரை கண்டவர்னு ரோமாபுரி வரைக்கும் பேரு. கிசோ அவர்கிட்டப் படிக்கிறவன். வாயாலயே கெடப்போறவன்னு ஊர் சொல்லும். அவன் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்குவான்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். திருட்டுப் போயிடுச்சு, கண்ணால பார்த்தவங்க யாரும் இல்லைன்னா, கடவுளையே சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. எப்படி? மத்த ஊர்ல காய்ச்சின இரும்பு, கொதிக்கிற தண்ணி. இங்க வாற்கோதுமை ரொட்டியில ஒரு துண்டு, ஆட்டுப்பால் சீஸ்ல ஒரு துண்டு. சந்தேகப்பட்டவன் முந்தின நாளே விரதம் இருக்கணும். பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. பூசை முடிஞ்சதும் பேராயர் அந்த ரெண்டு துண்டையும் மந்திரிச்சு அவன் வாயில வைப்பாரு. முழுங்கிட்டா நிரபராதி. அதுக்கப்புறம் அந்தக் குத்தத்துக்காக அவனை ராஜாவே வந்தாலும் தொடக்கூடாது. கடவுள் ஒரு விஷயத்துக்கு ரெண்டு தடவை தீர்ப்பு சொல்லமாட்டாருன்னு அப்படி ஒரு நம்பிக்கை.

விக்கினாலோ, துப்பினாலோ, தொண்டையில நின்னாலோ, வலது கை மணிக்கட்டோட போயிடும்.

நல்ல கடவுள்! வானத்தையும் பூமியையும் படைச்சுட்டு, காஞ்ச ரொட்டிக்குள்ள உக்காந்து கை வெட்டச் சொல்றதுதான் அவருக்கு வேலை பாருங்க.

கிசோ இப்படித்தான் நினைச்சான். நினைச்சதோட நிக்கிற ஆளா அவன்?

"'கடவுளை வழக்குக்கு இழுக்காதே. இரும்புக்குக் கண் இல்லை, தண்ணிக்குக் காது இல்லை, ரொட்டிக்கு வாய் இல்லை. பயந்தவன் தொண்டை வறளும். அவன் நல்லவனா கெட்டவனான்னு தொண்டைக்குத் தெரியாது.' யார் சாமி எழுதினது?"

"நல்லா இருக்கே!"

"சாமி!"

"இல்லடா, நெசமாத்தான் சொல்றேன். 'ரொட்டிக்கு வாய் இல்லை.' அது நான் சொன்னதா, நகல் எடுக்கும்போது நீ சேத்ததா?"

"நீங்க சொன்னது!"

"அப்ப ரொம்பவே நல்லா இருக்கு."

கிசோ பல்லைக் கடிச்சான். "அப்புறம் எதுக்கு இந்தச் சீஸை அறுத்துக்கிட்டு இருக்கீங்க?"

"கத்தி வழுக்குது. கொஞ்சம் பிடி."

கிசோ பிடிச்சான். பிடிச்ச பிறகுதான் எதுக்குத் துணை போறோம்னு உறைச்சுது. சுட்ட மாதிரி கையை உதறினான்.

விஷயம் இதுதான். அந்தச் சீமையை ஆண்ட பிரபு லான்ஃப்ரித்தோட பொண்டாட்டி, கோயிலுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் குடுத்திருந்தா. அது காணாமப் போச்சு. பூசைச் சாமான் வைக்கிற அறைக்கு ரெண்டு பேர்கிட்டத்தான் சாவி. ஒருத்தன் மணியடிக்கிற பாப்போ. இன்னொருத்தி, பீடத்துத் துணி துவைக்கிற ஓடா, வயசான விதவை. பிரபு முதல்ல பாப்போவைப் பிடிச்சாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு ரொட்டி.

"முடியாதுன்னு சொல்லுங்க சாமி. நான் மந்திரிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். பிரபு கோட்டையில ஒரு சாமியார் இருக்காரு, தெரியும்ல? அவர் மந்திரிப்பாரு. அவரோட சீஸ் இதைவிடக் கல்லு."

"அப்ப ஜனங்ககிட்டப் பேசுங்க! இது பொய்னு பிரசங்கம் வைங்க!"

"வெச்சேனே, போன தவக்காலத்துல. நீயும் இருந்தே. பாதிப் பேர் தூங்கினாங்க. பாப்போ குறட்டையே விட்டான்."

கிசோவுக்குச் சிரிப்பு வந்துது. சிரிச்சாத் தோத்துடுவோம்னு அடக்கிக்கிட்டான்.

"அவர் எடுக்கலை சாமி. எனக்குத் தெரியும்."

"அவன்கிட்டக் கேட்டியா?"

"கேக்கணுமா? பாப்போண்ணன் மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா? மணி கட்டின தூணுல புறா கூடு வெச்சா, குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் கயித்தை இழுக்காத மனுஷன் சாமி அவரு!"

"அப்ப கேக்கலை."

"கேட்டா அவரை நம்பலைன்னு ஆயிடாதா?"

பேராயர் மேசையில சிந்தின சீஸ் தூளை விரலால ஒத்தி வாயில போட்டுக்கிட்டாரு. முகம் அஷ்டகோணல் ஆச்சு.

"இதை முழுங்க எனக்கே ஒரு குடம் தண்ணி வேணும்"னாரு.

கிசோ கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனான். 'எழுதுறதுல சிங்கம். பிரபு வந்து நின்னா ஆட்டுக்குட்டி.' போற வழியெல்லாம் இதையேதான் முணுமுணுத்தான்.

மணிக்கூண்டுக்கு அடியில ஒரு இருட்டு அறை. பாப்போவை அங்கதான் அடைச்சு வெச்சிருந்தாங்க. கிசோ சின்ன ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எம்பி நின்னான்.

"அண்ணே! பயப்படாதே. நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். இந்த ஊரே உன்னைத் திருடன்னு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நீ எடுக்கலை. பிரபு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். நீ எடுக்கலை!"

உள்ள பாப்போ தலையை ஆட்டினான். மேலும் கீழுமா ஆட்டினானா, பக்கவாட்டுல ஆட்டினானா, கிசோ பார்க்கலை. அவன் இன்னும் பேசிக்கிட்டே இருந்தான்.

மறுநாள் கோயில் பிதுங்கிச்சு. பெரிய திருநாளுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்தது இல்லை. ஒருத்தன் கையை இழக்கப்போறான்னா ஜனங்களுக்கு வர்ற பக்தியே தனி.

பூசை முடிஞ்சுது. பாப்போவைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னாடி நிறுத்தினாங்க. வழக்கப்படி அவன் வலது காலுக்கு அடியில ஒரு மரச் சிலுவை வெச்சாங்க. அது ஆடுச்சு. சிலுவை எங்க ஆடுச்சு, கால்தான் ஆடுச்சு. பெரிய உடம்பு, தொங்குமீசை, ஊரையே எழுப்புற கை. உதடு ரெண்டும் வெடிச்சுப்போய் வெள்ளையா இருந்துது. நாக்கை வெளிய நீட்டி உதட்டை நனைக்கப் பார்த்தான். நனைக்க நாக்குல ஒண்ணும் இல்லை.

பக்கத்துல பிரபு. அவருக்குப் பின்னாடி ஒருத்தன், துணி சுத்தின எதையோ கையில வெச்சிருந்தான். துணிக்குள்ள என்னன்னு யாரும் கேக்கலை.

பேராயர் ரொட்டியையும் சீஸையும் தட்டுல வெச்சு ஜெபத்தைச் சொன்னாரு. "ஆண்டவரே, இவன் குத்தம் செஞ்சிருந்தா இவன் தொண்டை அடைக்கட்டும், தாடை இறுகட்டும், குத்தம் இல்லைன்னா சுகமா இறங்கட்டும்." கடன் குடுத்தவன் வீட்டு வாசலைத் தாண்டுற மாதிரி வேகமா, சத்தம் இல்லாம சொல்லி முடிச்சாரு.

கிசோ தூண் ஓரமா நின்னு அவரையே முறைச்சான். 'சொல்லுங்க. இன்னும் நல்லா சொல்லுங்க. நகல் எடுத்த என் விரலை முதல்ல வெட்டுங்க.'

பேராயர் துண்டைக் கையில எடுத்தாரு. வாய்கிட்டக் கொண்டுபோனாரு. நிறுத்தினாரு.

"பாப்போ."

"சா... சாமி."

"என் தோட்டத்துல, மதில் ஓரமா ஒரு ப்ளம்ஸ் மரம் நிக்குதே. போன வருஷம் அதுல ஒரு கிளை ஒடிஞ்சு கிடந்துது. யாரு?"

கூட்டம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துது.

பிரபு தொண்டையைக் கனைச்சாரு. "ஆண்டகை, இது கிண்ண வழக்கு."

"இருக்கட்டும் பிரபு. ஆள் கையில கிடைச்சிருக்கும்போது எல்லாத்தையும் கேட்டுடலாமே. சொல்லு பாப்போ, யாரு?"

"நா... நான்தான் சாமி."

"பழுக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"காயாத்தான் சாமி நல்லா இருக்கும்."

"காயை யாராவது தின்பாங்களா? எப்படித் தின்னே?"

"உப்பு வெச்சு."

"சும்மா மேல தூவியா?"

அவன் தலையை ஆட்டின வேகத்துல பயம் ஒரு நொடி எங்கயோ போயிடுச்சு. சமையல் தெரியாதவனைப் பார்க்கிற பார்வை அது. "தூவினா ஒட்டாது சாமி. காயைச் சுவத்துல ஒரு தட்டு தட்டணும். வெடிக்கும். அந்த வெடிப்புல கல்லு உப்பை வெச்சு அமுக்கணும். அமுக்கிட்டு, உடனே தின்னுடக்கூடாது."

"ஏன்?"

"உப்பு உள்ள இறங்கணும்ல. கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தா சாறு கசியும். முதல்ல அந்தச் சாறை உறிஞ்சணும்."

கூட்டத்துல எங்கயோ 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு கடி சாமி. காதுக்குக் கீழ சுள்ளுனு இழுக்கும்."

"கண்ணு?"

"தானா மூடிக்கும்."

"பல்லு?"

"கூசிப்போயிடும். ஆனா விட முடியாது. கொட்டை வரைக்கும் சப்பி..."

அவன் முழுங்கினான். வாயில ஒண்ணும் இல்லாமலே முழுங்கினான். மறுபடியும் முழுங்கினான். முன்வரிசையில ஒரு பொம்பளை முக்காட்டால வாயைத் துடைச்சா. பிரபுவோட தொண்டைக்குமிழி மேல ஏறிக் கீழ இறங்கிச்சு. அதைக் கிசோ தன் கண்ணால பார்த்தான். அவன் வாயும் குளமாத்தான் கிடந்துது.

"கொட்டையை என்ன பண்ணுவே?"

"மேல இருந்து துப்புவேன் சாமி. ஒரு தடவை உங்க தொப்பி மேலயே..."

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. பாப்போவுக்கும் மீசைக்குள்ள சிரிப்பு முட்டுச்சு. வாய் திறந்துது. பேராயர் ரொட்டியையும் சீஸையும் உள்ள வெச்சாரு.

மென்னான். மாடு மாதிரி மென்னான். இறங்கிடுச்சு.

"வாயைத் திற. ஆ காட்டு. பிரபு, வந்து பாருங்க."

பிரபு குனிஞ்சு பார்த்தாரு. தலையை அசைச்சாரு. துணி சுத்தின பொருளோட நின்னவன் பின்னாடி நகர்ந்தான்.

"கடவுள் பேசிட்டாரு!"ன்னு கூட்டம் கத்துச்சு. கிசோவுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கணும்போல இருந்துது. கடவுளாவது பேசுறதாவது! பேசினது ப்ளம்ஸ் காய்! அடேய் கிழவா, ஆட்டுக்குட்டின்னு நினைச்சேனே, நரிய்யா நீ!

அன்னைக்கு மத்தியானம் பாப்போ அடிச்ச மணி ஆத்துக்கு அக்கரையிலயும் கேட்டிருக்கும். கிசோ தோட்டத்துக்குப் போய் ஒரு துணி நிறையப் ப்ளம்ஸ் காய் பறிச்சான். முடிச்சுல கல்லு உப்பு. ரெண்டு ரெண்டு படியாத் தாவி மணிக்கூண்டு ஏறினான்.

"அண்ணே! உனக்கு என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு..."

பாப்போ சுவத்துல சாஞ்சு, காலை நீட்டி உக்காந்திருந்தான். பக்கத்துல பீர் ஜாடி. வெள்ளிக் கிண்ணம் அவன் கையில. நுரை அவன் மீசையில.

துணி கையை விட்டு நழுவுச்சு. காயெல்லாம் படியில உருண்டு போச்சு. கடைசிக் காய் கீழ போய் நிக்கிற வரைக்கும் சத்தம் கேட்டுது.

"தம்பி..."

"தம்பியா? யாருடா தம்பி? எடுக்கலைன்னு சொன்னியேடா!"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்னே."

"நானா?"

"ஜன்னல்ல நின்னு நீதான் கத்தினே. நான் தலையை ஆட்டினேன். நீ அவ்வளவு சத்தமா என்னை நல்லவன்னு சொல்லும்போது, யாரால தலையை ஆட்டாம இருக்க முடியும்?"

கிசோ கிண்ணத்தைக் காட்டினான்.

"விக்கவா எடுத்தே?"

"சீச்சீ! ஒரே ஒரு தடவை இதுல குடிச்சுப் பார்க்கணும்னு ஆசை தம்பி. பிரபு விருந்துல இந்த மாதிரிக் கிண்ணத்துல குடிக்கிறதைத் தூரத்துல இருந்து பார்த்திருக்கேன். மறுநாள் காலையில வெச்சுடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆளுங்க வந்து தேட ஆரம்பிச்சுட்டாங்க. புறாக்கூட்டுக்குப் பின்னாடி ஒளிச்சேன். அப்புறம் எப்படி வைக்கிறது? எந்த மூஞ்சியோட வைக்கிறது?"

"இப்ப மட்டும் எந்த மூஞ்சியோட குடிக்கிறே?"

பாப்போ கிண்ணத்துக்குள்ள பார்த்தான். "அந்த ரொட்டி உள்ள இறங்குச்சு பாரு... ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன் தம்பி. நான் எடுக்கலைன்னு."

கிசோ அதுக்கு மேல நிக்கலை. இறங்கி ஓடினான்.

பேராயர் ப்ளம்ஸ் மரத்தடியில உக்காந்து, சோதனைக்கு அறுத்ததுல மிச்சம் இருந்த ரொட்டியையும் சீஸையும் குருவிங்களுக்குப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாரு. ஒரு குருவி வந்து கொத்திப் பார்த்துட்டு அவமானப்பட்ட மாதிரி பறந்து போச்சு.

"அவன்தான் சாமி! திருடன்! அவன்தான் எடுத்திருக்கான்! மேல உக்காந்து அதுலயே பீர் குடிச்சுக்கிட்டு இருக்கான்!"

"அப்படியா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா ப்ளம்ஸ் கதை எல்லாம் பேசி முழுங்க வெச்சீங்க?"

"அவன் பயந்திருந்தான். அது தெரிஞ்சுது."

"பயப்படாம? திருடினவன் பயப்படத்தான் செய்வான்!"

"திருடாதவனும் அப்படித்தான் நின்னிருப்பான்."

"நான் பிரபுகிட்டப் போறேன்."

"போ. ஆனா வழக்கம் தெரியும்ல? முழுங்கியாச்சு. இனி அவனைத் தொட முடியாது."

"வழக்கமா? பொய்னு நீங்களே எழுதினீங்களே, அந்த வழக்கமா?"

"அதேதான்."

கிசோவுக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. நெஞ்சு எகிற, மூச்சு வாங்க, தோட்டமே அதிரக் கத்தினான்.

"அந்த ரொட்டி அவன் தொண்டையில நின்னிருக்கணும் சாமி! நின்னு அடைச்சிருக்கணும்!"

பேராயர் மெதுவா நிமிர்ந்து அவனைப் பார்த்தாரு. கையில மிச்சம் இருந்த ரொட்டியில ஒரு துண்டு, சீஸ்ல ஒரு துண்டு எடுத்து நீட்டினாரு.

"இந்தா."

"எதுக்கு?"

"சாப்பிடேன்."

"நான் என்ன, பயப்படுறேன்னு நினைச்சீங்களா? குடுங்க!"

பிடுங்கி வாயில போட்டான். மென்னான். ஓடி வந்த வாய், கத்தின தொண்டை. ரொட்டி மரத்தூள் மாதிரி நாக்குல அப்பிக்கிச்சு. சீஸ் மேல்வாயில ஒட்டிக்கிச்சு. முழுங்கினான், இறங்கலை. இன்னொரு தடவை முழுங்கினான், பாதியில நின்னுடுச்சு. விக்கிச்சு. இருமினான். கண்ணுல தண்ணி கொட்டுச்சு. மரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சான்.

பேராயர் பக்கத்துல வந்து நின்னாரு.

"நீ என்னடா திருடினே?"

கிசோ முறைச்சான். கண்ணு நிறையத் தண்ணியை வெச்சுக்கிட்டு எவ்வளவுதான் முறைக்க முடியும்?

பேராயர் எட்டி ஒரு காயைப் பறிச்சுக் குடுத்தாரு. "கடி."

கடிச்சான். காதுக்குக் கீழ சுள்ளுனு இழுத்துது. வாயெல்லாம் ஊறிச்சு. ரொட்டி இறங்கிடுச்சு.

"நிரபராதி"ன்னாரு பேராயர்.

கிசோ புல்லுல உக்காந்தான். கொஞ்ச நேரம் கொட்டையைச் சப்பிக்கிட்டே இருந்தான். ஆனா அவன் கிசோ. தோத்தாலும் வாயை மூட மாட்டான்.

"சரி. ரொட்டிக்கு எதுவும் தெரியாது. ஒத்துக்கறேன். ஓடாக்காவுக்கு என்ன பதில்? பாப்போ தப்பிச்சுட்டான், கிண்ணம் கிடைக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமை பிரபு அந்தக்காவை நிறுத்துவாரு. அந்தக்காவுக்குப் பல்லே கிடையாது சாமி. உங்க ப்ளம்ஸ் கதை அங்க செல்லுமா? ஒருத்தன் குடிச்ச பீருக்கு ஒரு கிழவி கை போகணுமா?"

பேராயர் முகத்துல முதல் தடவையா சிரிப்பு இல்லை.

"நல்ல கேள்வி. நேத்துல இருந்து நீ கத்தினதுல இதுதான் கேள்வி. என் தடியை எடு."

ரெண்டு பேரும் மணிக்கூண்டு வரைக்கும் நடந்தாங்க. கூண்டு வாசல்ல ப்ளம்ஸ் காய் சிதறிக் கிடந்துது. பேராயர் ஒண்ணு ஒண்ணாத் தடியால ஒதுக்கிக்கிட்டே வந்தாரு. முதல் படிகிட்ட வந்து நின்னாரு.

"கிண்ணம் பீடத்துக்குத் திரும்பிட்டா ஓடாவை யாரும் கூப்பிட மாட்டாங்க. பாப்போவையும் இனி யாரும் தொட முடியாது. அதனால அவன் இறங்கி வந்து தன் கையாலயே வைக்கலாம். நீ மேல போ. என் முட்டி ஏறாது."

"போய் என்ன பண்ணணும்? பிடுங்கிட்டு வரவா?"

"கேளு."

"என்ன கேக்கிறது?"

"கிளையை ஒடிச்சது யாருன்னு கேட்டேன். கோயில் நிறைய ஜனம், பக்கத்துல கத்தி. அப்பவும் 'நான்தான்'னு சொன்னான், பார்த்தியா? கிண்ணத்தை எடுத்தியான்னு இந்த ஊர்ல அவன்கிட்ட ஒருத்தராவது கேட்டாங்களா? பிரபு, 'ரொட்டி சாப்பிடுறியா'ன்னு கேட்டாரு. நீ, 'நீ எடுக்கலை'ன்னு சொன்னே."

"நீங்களும்தான் கேக்கலை!" கிசோவோட குரல் கிறீச்சிட்டுது. "கிளையைக் கேக்கத் தெரிஞ்சுது. நேத்தே போய்க் கிண்ணத்தைக் கேட்டிருக்கலாமே?"

"கிளைக்கு யாரும் கையை வெட்ட மாட்டாங்க. கத்தியைத் தீட்டி வெச்சுட்டுக் கிண்ணத்தைக் கேட்டிருந்தா, பதில் சொல்றது அவனா இருக்காது கிசோ. கத்திதான் சொல்லும்."

மேல இருந்து ஒரு சத்தமும் இல்லை. புறாகூடக் குனுகலை. பாப்போ கேட்டுக்கிட்டு இருக்கான்னு கிசோவுக்குத் தெரிஞ்சுது. அங்க எந்தச் சுவத்துல சாஞ்சு, எப்படிக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்னும் தெரிஞ்சுது. கிசோ ஒரு படி ஏறினான். திரும்பினான்.

"நான்தான் கண்ணால பார்த்துட்டேனே சாமி. கிண்ணம் அவன் கையில, நுரை அவன் மீசையில. எல்லாம் தெரிஞ்ச பிறகு அவன்கிட்டப் போய் எதுக்குக் கேக்கணும்?"

பேராயர் கீழ்ப்படியில மெல்ல உக்காந்தாரு. முட்டியைத் தேச்சுக்கிட்டாரு.

"தொடாதேன்னு ஆண்டவர் சொன்ன பழத்தைத் தின்னுட்டு ஆதாம் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தான். ஆண்டவர் தோட்டத்துக்குள்ள வந்து, 'எங்கப்பா இருக்கே?'ன்னு கேட்டாரு. தெரியாமலாடா கேட்டாரு?"